பேர் பதிஞ்சாச்சு டீச்சர்

வெளிநாட்டு ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மனு எப்படி எழுதறது, நேர்காணல்ல எப்படிப் பேசறதுன்னு சொல்லத்தானுங்க என்னையக் கூப்புட்டிருக்கீங்க. அதையெல்லாம் நான் சொல்லப் போறதில்லீங்க. அது உங்க ஃபோன்லயே கொட்டிக் கிடக்குது, ஊட்டுக்குப் போயி படிச்சுக்குங்க.

நீங்க எல்லாரும் புதுசா இந்த வேலைக்கு வந்திருக்கீங்க. முனைவர் பட்டம் முடிச்சு அப்பத்தான் தலை தூக்கற புள்ளைங்களை, ஒரு வருசமோ ரெண்டு வருசமோ வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ண அனுப்பி விடற மேசை. பாலக்காட்டுக்குக் கிழக்கால ஒரு காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் குடுத்துக்கிட்டே நானும் அந்த மேசையில ரிட்டயர் ஆகற வரைக்கும் உக்காந்திருந்தவதான். எத்தனை பேரை அனுப்பி வெச்சேன்னு இப்ப வரவேற்புரையில ஒருத்தர் வாய் நிறையச் சொன்னாரு. போனவிய கதை உங்களுக்கு எதுக்குங்க? அவிய நல்லாத்தான் இருக்கறாங்க, பனியில நின்னு போட்டோ எடுத்து அனுப்பறாங்க. நான் போகாதவிய கதையச் சொல்றேன். கேக்கப் புடிக்கலீன்னா எந்திரிச்சு டீ குடிக்கப் போலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

மொதல்ல சின்னதா ஒண்ணு. மீனாட்சிபுரத்துல எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகன், பால் கெட்டுப்போறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி பட்டம் வாங்கினவன். கெட்டிக்காரன். வீடியோவுல நேர்காணல். எல்லாம் நல்லாப் போச்சு. கடைசியில, “அக்டோபர்ல வந்து சேர முடியுமா?”ன்னு கேட்டாங்க. இவன் “பாக்கலாங்க”ங்கறதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிப்போட்டான். நம்ம பக்கத்துல பெரியவிய ஒண்ணு கேட்டா, “ஓ, கட்டாயம்!”னு நெஞ்சை நிமித்திச் சொல்றது திமிருங்க. “பாக்கலாங்க”ன்னு அடக்கமாச் சொன்னா செஞ்சுருவான்னு அர்த்தம். அவியளுக்கு என்ன தெரியும்? இவனுக்கு இஷ்டமில்லைன்னு எழுதிக்கிட்டாங்க. இப்ப அவன் அதே ஊர்ல மாட்டுத் தீவனம் விக்கறான். சோத்துக்குக் குறையில்லை. ஆனா என்னையக் கண்டா அக்கட்டத் திரும்பிக்குவான்.

அதுக்குப் பொறவு நான் உஷாராயிட்டேனுங்க. மனு போட வர்ற புள்ளைங்க வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையையும் உதறிப் பாத்துத்தான் அனுப்புவேன். வெளிநாட்டுக்காரன் நம்ம பேச்சைத் தப்பாப் புரிஞ்சுக்குவான், அதுக்கு நாமதான் காவல்னு நெனச்சேன். நமக்குள்ளயே, தமிழுக்குத் தமிழே புரியாமப் போகும்னு எனக்குத் தோணவே இல்லை.

இசக்கி கதை இனித்தான். இசக்கியம்மாள்னு முழுப்பேர். இடுக்கியில மூணாறுக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட்ல பொறந்தவ. அவ பாட்டன் பூட்டன் திருநெல்வேலிப் பக்கத்துலருந்து மலையேறினவிய. அப்பா இவ பள்ளிக்கூடம் போறப்பவே தவறிட்டாரு. அம்மா கொழுந்து பறிச்சுத்தான் இவளைப் படிக்க வெச்சாங்க. கூடப்பொறந்தவிய யாருமில்லை. எங்க காலேஜ்ல வந்து ஆராய்ச்சிக்குச் சேந்தப்ப, மழைக்கோட்டும் ஒரு பையுமா வந்து நின்னா. இங்க அடிக்கற வெயிலைப் பாத்து அவளுக்குச் சிரிப்பு, அவ மழைக்கோட்டைப் பாத்து எங்களுக்குச் சிரிப்பு.

தேயிலைக் கொழுந்துல வட்டவட்டமாக் கொப்புளம் கட்டற ஒரு பூஞ்சை நோய் இருக்குது. மழையும் மூடுபனியும் சேந்தா ஒரு காட்டையே புடிச்சுக்கும். அதுதான் அவ ஆராய்ச்சி. வேலையில படு சுத்தம். வாய் மட்டும் துடுக்கு. நான் ‘ஊடு’ன்னு சொல்றப்பல்லாம் கேலி பண்ணுவா.

“ஊடுன்னா நடுவுலன்னுல்லா அர்த்தம் டீச்சர்? எதுக்கு நடுவுல போறீக?”

“நீ வீடுன்னு சொன்னா மட்டும் கூரை பெருசாயிருமா? போடி அம்மிணி, வேலையப் பாரு”ம்பேன். இப்ப நெனச்சுப் பாக்கறேனுங்க. ஊட்டைப் பத்தித்தான் பேசியிருக்கறோம், ரெண்டு பேரும், சிரிச்சுக்கிட்டு.

ஜப்பான்ல ஒரு பேராசிரியை, அதே நோயைப் பத்தி ஆயுசு பூராவும் வேலை பாத்தவங்க, இவ கட்டுரையப் படிச்சுப்போட்டு அவங்களே எழுதினாங்க. ரெண்டு வருச உதவித்தொகைக்கு மனு போட்டோம். கெடைச்சுதுங்க. எங்க காலேஜுக்கு அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பெருசா ஒண்ணு கெடைச்சதே இல்லை. வலைப்பக்கத்துல போயி “ஏற்கிறேன்” இல்லாட்டி “வேண்டாம்”, ரெண்டுல ஒண்ணை அமுக்கோணும். வெள்ளிக்கிழமை கெடு. அவியளுக்குப் பொழுது சீக்கிரம் விழுந்துரும்ங்கறதால நமக்கு மத்தியானத்தோட முடிஞ்சுரும். நான் அங்கயே அமுக்கச் சொன்னேன். இசக்கி கேக்கலை. “அம்மாட்ட நேர்ல சொல்லிட்டு, அவ முன்னாடி அமுக்குதேன் டீச்சர்”னா. அது நியாயந்தானே? பஸ் ஏத்தி விட்டேன்.

அவ போன நேரம் மலையில மழை புடிச்சுக்கிச்சு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அவ ஃபோன் கெடைக்கவே இல்லை. புதன்கிழமை அவ அம்மா ஃபோன்ல இருந்து ஒரு அழைப்பு வந்துது. எஸ்டேட் ரோட்டுல எங்கயோ ஒரு வளைவுல ஏறி நின்னாத்தான் அவியளுக்கு சிக்னல் கெடைக்குமாம். காத்தும் மழையுமா ஒரே இரைச்சல்.

நான் மொதல்ல கேட்டதே இதுதானுங்க: “ஏனுங்கம்மா, இசக்கி பேர் பதிஞ்சாச்சுங்களா?”

எங்க மேசையில நாங்க அப்படித்தான் பேசுவோம். வலைப்பக்கத்துல ஏறிட்டா பேர் பதிஞ்சாச்சும்போம்.

“பதிஞ்சாச்சு டீச்சர். நேத்தே பதிஞ்சாச்சு.”

“சந்தோசமுங்களா?”

“என்னத்தச் சொல்ல. புள்ள ராத்திரி பூரா அழுதா. காலையில சரியாயிட்டா. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக. சொல்லிருன்னா, அதான் கூப்ட்டேன்.”

ஒத்தை மக, பெத்த தாயை உட்டுப்போட்டுக் கடல் தாண்டிப் போறா, அழுகாமயா இருப்பான்னு நெனச்சேன். பிரின்சிபால்கிட்டச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிச்சாரு. வியாழக்கிழமை காலையில காலேஜ் வாசல்ல இசக்கி மூஞ்சியைப் பெருசாப் போட்டு பிளக்ஸ் கட்டியாச்சு. டிபார்ட்மெண்ட்ல மைசூர்பா குடுத்தோம். நானும் ரெண்டு துண்டு எச்சாவே தின்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில அந்த ஜப்பான் பேராசிரியைகிட்டருந்து எனக்கு மெயில். “உங்கள் மாணவியின் பதில் இன்னும் வரவில்லை, அவர் நலமா?”ன்னு கேட்டிருந்தாங்க. பக்கத்தைத் தொறந்து பாக்கறேன், ரெண்டு பொத்தானும் அமுக்காம அப்படியே நிக்குது. இசக்கி நம்பரை அடிச்சு அடிச்சு விரல் நொந்து போச்சு. கடைசியில எடுத்தா; அம்மாவோட அந்த ரோட்டு வளைவுல ஏறி நிக்கறாளாம்.

“கண்ணு, பேர் பதிஞ்சாச்சுன்னு உங்கம்மா சொன்னாங்களே? இங்க ஒண்ணும் காணமே?”

அவ மெதுவாக் கேட்டா: “டீச்சர், அம்மா எதுல பதிஞ்சதாச் சொன்னான்னு நெனச்சீக?”

“வலைப்பக்கத்துலன்னுதான் கண்ணு.”

“எஸ்டேட் செக்ரோல்ல டீச்சர். தொழிலாளி பேர் எழுதுத ரிஜிஸ்டர்ல. எங்க ஊர்ல பேர் பதியுறதுன்னா அது ஒண்ணுதான். வேற அர்த்தமே கெடையாது.”

அவ சொன்னதை உங்களுக்கு விளங்கற மாதிரிச் சொல்றேன். எஸ்டேட் கட்டி விட்ட வரிசை ஊடுகளைத்தான் லயம்னு சொல்லுவாங்க, அதுல ஊடு வேலைக்குப் போறவியளுக்குத்தான். அவ அம்மாவுக்கு வயசு முடிஞ்சு போச்சு, முட்டியும் போச்சு. பேரை அடிச்சுட்டாங்க. அடிச்ச பேருக்குப் பதிலா அந்த ஊட்டுல இருந்து ஒரு பேர் பதியோணும். இல்லாட்டி சாவியைக் குடுத்துப்போட்டு எறங்கோணும். அவிய மூணு தலைமுறையா இருந்த ஊடுதான். ஆனா அவியளுதில்லை. பேர் பதிஞ்சவ தொடர்ச்சியா வேலைக்கு வரலீன்னா அந்தப் பேரும் போயிரும், ஊடும் போயிரும்.

“ரெண்டு வருசம் லீவு கேட்டுப் பாத்தியா கண்ணு?”

“கேட்டேன். பேர் பதிஞ்ச அன்னைக்கே லீவான்னு எஸ்டேட் ஆபீஸ்ல சிரிச்சாக.”

“முனைவர் பட்டம்னு சொன்னியா?”

“சொன்னேன் டீச்சர். ரொம்ப நல்லதுன்னாக. மழைக்கோட்டு சொந்தமா இருக்கான்னு கேட்டாக.”

இதுக்குள்ள பிரின்சிபால் என்ர ரூமுக்கு வந்து நின்னுட்டாரு. மலையாளத்துக்காரர், நம்மகிட்ட தமிழ் கலந்து பேசுவாரு. மலையில சிக்னல் இல்லாத புள்ளைங்களோட பாஸ்வேர்டெல்லாம் எங்கிட்டக் குடுத்து வெச்சிருக்கறது எங்க வழக்கம். அது அவருக்குத் தெரியும்.

“டீச்சரே, பாஸ்வேர்டு கையில உண்டல்லோ? ஏற்கிறேன்னு ஒண்ணு அமுக்குனா மதி, போதும். பின்னே அந்தக் குட்டி போகுதா இல்லையான்னு பிறகு நோக்காம். பிளக்ஸ் வரைக்கும் வச்சாச்சே!”

எனக்கும் கை பரபரத்துதுங்க, பொய் சொல்ல மாட்டேன். அமுக்கிப்போட்டா கெடு தாண்டிரும். அப்பறம் அழுது மிரட்டி எப்படியாச்சும் ஏத்தி விட்டுரலாம். ஆனா ஏத்துக்கிட்டுப் போகாம நின்னா, காத்திருப்புல அடுத்த ஆளா நிக்கற எவளோ ஒருத்திக்கு, எந்த ஊரோ என்ன கஷ்டமோ, அந்த இடம் கெடைக்காமலே போயிரும். நம்ம காலேஜ்ல இருந்து வர்ற அடுத்த மனுவை அவிய தொடவும் மாட்டாங்க. அதை விடுங்க. அது அவ கைங்க, என்ர கை இல்லை. “கொஞ்சம் வெளிய நில்லுங்க சார்”னு சொன்னேன். அவர் மொகம் செவந்து போச்சு. நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் அவர் எங்கூட முகங்குடுத்துப் பேசலை.

ஜப்பானுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பேராசிரியை நல்ல மனுசி. சுத்தி வளைக்காம, “சேரும் தேதியைத் தள்ளி வைக்கலாம். தாயாரையும் கூட அழைத்து வரலாம், அதற்கு வழி இருக்கிறது”ன்னு சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு இசக்கியைக் கூப்புட்டு அம்மாகிட்டக் குடுக்கச் சொன்னேன்.

நான் மூச்சு விடாமச் சொன்னதையெல்லாம் அந்தம்மா பொறுமையாக் கேட்டாங்க.

“ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்பி வருவோம்லா டீச்சர், எங்க வந்து எறங்க?”

நான் விடலை. “அப்படின்னா நீங்க போக வேண்டாமுங்க. அவ போகட்டும். அவ வர்ற வரைக்கும் எங்க ஊட்டுல வந்து இருங்க. மீனாட்சிபுரத்துல பெரிய ஊடு, எடம் சும்மா கெடக்குது.”

“உங்க வீட்ல நான் யாரா இருக்கணும் டீச்சர்?”

கோவமா எல்லாம் கேக்கலீங்க. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கற மாதிரிதான் கேட்டாங்க. எங்க ஊட்டுப் பின்வாசல்ல, தோட்டத்து வேலைக்கு வர்றவியளுக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியா கூரை எரவாணத்துல செருகியிருக்கும். காலேஜ்ல எல்லாம் பேசிப்போட்டு சாயங்காலம் அந்த டம்ளரைத் தாண்டித்தான் நான் ஊட்டுக்குள்ள போவேன். அந்தம்மா அதைப் பாத்ததே இல்லை. பாக்காமலே அவியளுக்குத் தெரிஞ்சிருந்துது. சொந்தக்காரியா, ஒறம்பரையா இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா அது பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதீக. எனக்கு இந்த வீடு போதும். அவகிட்ட நீ போன்னுதான் சொன்னேன், சத்தியமாச் சொன்னேன். உன்னை ரோட்ல விட்டுட்டுப் போயி நான் என்னத்தப் படிக்கன்னு கேக்கா. நான் என்ன செய்ய?” அப்பத்தான் அந்தம்மா குரல் உடைஞ்சுது. ஃபோனை மககிட்டக் குடுத்துட்டாங்க.

“டீச்சர், நேரம் ஆகுதுல்லா. அமுக்கிருங்க.”

“எதைக் கண்ணு?”

“வேண்டாம்ங்கிறத. இங்க நெட் கெடைச்சாலும் என் கை போவாது. நீங்கதான் செய்யணும்.”

என்னால முடியாதுன்னேன். நீயே எப்படியாச்சும் பண்ணிக்கன்னேன். கத்தக்கூடச் செஞ்சேன். அவ மறுபடியும் “அமுக்குங்க டீச்சர்”னு மட்டும் சொன்னா. எனக்கு வேற வழி இல்லீங்க, அமுக்கினேன். அமுக்கினதும் ஒரு பெட்டி தொறந்துது. ஏன் வேண்டாம்ங்கறீங்கன்னு காரணம் சொல்லாம அது மேல போகாதாம். இருந்த காரணங்களை ஒவ்வொண்ணாப் படிச்சேன். உடல்நலம். விசா. குடும்பச் சூழ்நிலை. வேறு வேலை கிடைத்துவிட்டது.

“குடும்பம்னு போட்டுறட்டுமா?”

“வேண்டாம் டீச்சர். அம்மா என்னையத் தடுத்த மாதிரி ஆயிரும். அவ தடுக்கல.” பொறவு அவளே கேட்டா: “கடைசியா ஒண்ணு சொன்னீகளே, வேற வேலை கெடைச்சுருச்சுன்னு. அதைப் போடுங்க. பொய் இல்லேல்லா?”

அதைப் போட்டேன். நன்றின்னு வந்துது. வெளிய வந்து பாத்தா அந்த பிளக்ஸ் இன்னும் தொங்குது. ரெண்டு நாள் கழிச்சு வாட்ச்மேன் அவுத்துக் கொண்டுபோயி சைக்கிள் ஷெட்டுல ஒழுகற எடத்துக்கு மேல கட்டினான். நான் வண்டியெடுக்கறப்ப நிமிந்து பாக்கறதில்லை.

நான் தப்புப் பண்ணிட்டேன்னு உங்க முன்னாடி அழ வரலீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். புதன்கிழமையே அந்த வார்த்தை எனக்கு விளங்கியிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருப்பேன்? அதுக்கு மொத நாளே பேர் பதிஞ்சாச்சு. அந்தம்மா மேல தப்பில்லை, இசக்கி மேல தப்பில்லை, ஜப்பான்காரி மேல தப்பில்லை. எஸ்டேட் ஆபீஸ்ல இருந்தவன்கூட இருக்கற சட்டத்தைத்தான் சொன்னான். யாரைப் புடிச்சு உலுக்கறதுன்னே தெரியாத கோவம் இருக்குது பாருங்க, அது ஆறவே ஆறாது. எனக்கு இன்னும் ஆறலை.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. மனு போடோணும்னு ஒரு புள்ளை வந்து எதுத்தாப்புல உக்காந்தா, ஆராய்ச்சித் தலைப்பைக் கேக்கறதுக்கு முன்னால, “நீ போயிட்டா உன்ர ஊட்டுல இருக்கறவிய எங்க படுப்பாங்க? அந்த ஊடு யார் பேருல இருக்குது?”ன்னு கேளுங்க. சிரிப்பாங்க, பரவால்லை. கேட்டா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்லலை. லயத்து ஊட்டை உங்களால வாங்கிக் குடுக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா எனக்கு ஒரு அரை நாள்தான் இருந்துது. மொதல்லயே கேட்டுட்டா உங்களுக்கு ஒரு வருசமாச்சும் இருக்கும். முட்டி மோத அது வேணுமுங்க.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் கழிச்சு, அந்த ஜப்பான் பேராசிரியைகிட்டருந்து ஒரு மெயில் வந்துது. கம்ப்யூட்டர் அனுப்பின காரணம் அவிய கைக்குப் போயிருக்குது. நான் ஃபோன்ல வேலைன்னு சொல்லலை, ஊடுன்னுதான் சொல்லியிருந்தேன். ரெண்டையும் அவங்க எப்படிச் சேத்துப் பாத்தாங்களோ தெரியலை. “நிரந்தர வேலை கிடைத்ததும் வீட்டுப் பிரச்சினையும் தீர்ந்திருக்கும் என நம்புகிறேன், அவருக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்”னு எழுதியிருந்தாங்க. உண்மையான பாசத்தோட எழுதினது, படிச்சாலே தெரிஞ்சுது.

சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் கெடந்து தவிச்சேன். அவளுக்கு வந்த வாழ்த்து, அதை நான் வெச்சுக்கறது நியாயமில்லைன்னு காலையில நேரத்துலயே கூப்புட்டு முழுசாப் படிச்சுச் சொன்னேன்.

“என்ன வேலைன்னு கேட்டாகளா டீச்சர்?”

“கேக்கலை கண்ணு.”

“நல்லது. நன்றின்னு எழுதிருங்க.” அவளுக்குப் பின்னால ஆளுங்க சத்தம், ஒருத்தர் வரிசையா என்னமோ உரக்கப் படிக்கற சத்தம். “டீச்சர், பேர் கூப்புடுதாக. என் பேர் வந்துரும். வச்சுருதேன்.”